அவர் அணியாத மாலை

பிரான்சியப் புரட்சியைப் பாடசாலையில் படித்த எவரிடமும் மேரி அன்ரனெற் மகாராணியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு விடயங்களைச் சொல்வார்கள். பசித்த மக்கள் பாண் கேட்டபோது கேக் சாப்பிடச் சொன்னவர் என்பது ஒன்று. நாடு வறுமையில் வாடியபோது வைர மாலைக்காகப் பணத்தைக் கொட்டியவர் என்பது மற்றது. முதலாவது, அவர் சொன்னார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லாத பேச்சு. இரண்டாவது, அவர் வாங்கவும் இல்லாத, அணியவும் இல்லாத மாலை. ஆனாலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பவை இவை இரண்டும்தான்.

ஐரோப்பிய அரச குடும்பங்களின் பரம்பரை நகைகளைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது இந்த மகாராணியின் வாழ்க்கை என்னை நிறுத்தி வைத்தது. அவரது வாழ்வில் மூன்று வகை நகைகள் இருந்தன. ஆசைப்பட்டு வாங்கியவை, வேண்டாம் என்று மறுத்தது, பெட்டியில் வைத்து நாட்டுக்கு வெளியே அனுப்பியவை. இவற்றுள் அவர் மறுத்த ஒன்றுதான் அவரது பெயரைக் கெடுத்தது. அது எப்படி நடந்தது என்பதை எங்கள் வயதுப் பெண்பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

1755ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் அவர் பிறந்தார். தாய் மரியா தெரேசா, ஐரோப்பாவின் பெரும் அரசொன்றைத் தன் கையில் வைத்து ஆண்ட பெண்மணி. பதினாறு பிள்ளைகளில் அன்ரனெற் பதினைந்தாவது பிள்ளை. நீண்டகாலம் பகைமை பாராட்டிய ஒஸ்திரியாவும் பிரான்சும் அப்போது நட்பு நாடுகளாகியிருந்தன. அந்த நட்பை உறுதிப்படுத்தத் திருமண உறவு ஒன்று தேவைப்பட்டது. எனவே பிரான்சின் முடிக்குரிய இளவரசர் லூயிக்கு அன்ரனெற் பேசப்பட்டார். 1770ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி வேர்சேல்ஸ் மாளிகையில் திருமணம் நடந்தபோது மணமகளுக்கு வயது 14. மணமகனுக்கு 15. எங்கள் கல்லூரியில் ஒன்பதாம் தரத்தில் படிக்கும் ஒரு தங்கையின் வயதில், மொழியும் வழக்கமும் வேறான நாட்டுக்கு அவர் அனுப்பப்பட்டார். பெற்ற தாயை அதன்பின் அவர் ஒருதடவையேனும் காணவில்லை. கடிதங்கள் மட்டுமே போய் வந்தன.

வந்த மருமகளுக்கு மன்னர் பதினைந்தாம் லூயி பெருந்தொகையான நகைகளை வழங்கினார். அவற்றில் பல, மறைந்துபோன அவரது மருமகளுக்கு, அதாவது மணமகனின் தாய்க்கு உரியவையாக இருந்தவை. முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த ஆன் என்ற அரசி, தனக்குப் பின்வரும் பிரான்சிய அரசிகளுக்கென விட்டுச்சென்ற முத்துமாலை ஒன்றும் அவரிடம் வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். அரச குடும்பத்து நகைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சில, முடிக்கு உரியவை. அவை நாட்டின் சொத்து. அரசி அணியலாம், ஆனால் விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கவோ முடியாது. வேறு சில அவரது சொந்த நகைகள். எங்களுக்கு இது விளங்கக் கடினமான விடயம் அல்ல. மணமகளுக்குக் கொடுத்த மஹர் அவளுக்கே உரியது. கல்யாணத்தன்று மாமியிடம் இரவலாக வாங்கிப் போட்ட மாலையோ அடுத்த நாளே திரும்பிப் போய்விட வேண்டும். இந்த வேறுபாட்டை அன்ரனெற் இறுதிவரை மறக்கவில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1774ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி முதிய மன்னர் அம்மை நோயால் இறந்தார். பதினாறாம் லூயி மன்னரானார். அன்ரனெற் 18 வயதில் மகாராணியானார். ஆரம்ப ஆண்டுகளில் அவர் நடந்துகொண்ட விதத்தை நியாயப்படுத்த முடியாது. உயர்ந்த தலை அலங்காரங்கள், புதிது புதிதான உடைகள், இரவிரவாகச் சீட்டாட்டம் என்று காலம் போனது. நகை ஆசையும் இருந்தது. 1776இல் 250,000 லிவர் விலையில் ஒரு சோடி வைரக் காப்புகளை வாங்கினார். லிவர் என்பது அக்காலப் பிரான்சிய நாணயம். தன்னிடமிருந்த சில கற்களைக் கொடுத்தும், மீதிக்கு மன்னரிடம் பணம் பெற்றும் அந்த விலையைச் செலுத்தினார். இச்செய்தி வியன்னாவுக்கு எட்டியது. பிரான்சில் இருந்த ஒஸ்திரியத் தூதுவர் மெர்சி அர்ஜான்ரோ பிரபு, மகாராணியின் செயல்களையெல்லாம் தாய்க்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். தாய் மனம் வருந்தி மகளைக் கண்டித்து எழுதினார்.

அந்த இளம் வயது ஆடம்பரத்துக்குப் பின்னால் ஒரு வேதனையும் இருந்தது. திருமணமாகி எட்டு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. அரச வம்சத்தில் அது சாதாரண குறையல்ல. குறை யாருடையது என்று கேட்காமலேயே பழி பெண்ணின் மீது விழுந்தது. அவரைப் பற்றிய அசிங்கமான துண்டுப்பிரசுரங்கள் பாரிஸ் நகரில் கைமாறத் தொடங்கின. 1778 டிசம்பரில் மூத்த மகள் மரீ தெரேஸ் பிறந்தார். 1781இல் ஓர் ஆண் குழந்தையும் 1785இல் இன்னோர் ஆண் குழந்தையும் பிறந்தன. 1786இல் பிறந்த கடைசி மகள் ஒரு வயது நிறையுமுன்பே இறந்துவிட்டாள். தாயானபின் அன்ரனெற் மாறத் தொடங்கினார். ஆட்டபாட்டங்கள் குறைந்தன. உடைகள் எளிமையாயின. புதிய நகைகள் மீதிருந்த ஆசையும் தணிந்தது. ஆனால் ஊர் வாய் மாறவில்லை.

இனி அந்த மாலைக்கு வருவோம். பாரிஸில் போமர், பசாஞ்ச் என்ற இரு நகை வியாபாரிகள் கூட்டாகத் தொழில் செய்துவந்தனர். பதினைந்தாம் லூயி தன் ஆசை நாயகி துபாரி சீமாட்டிக்காக வாங்குவார் என்ற நம்பிக்கையில், பல ஆண்டுகளாக அருமையான வைரங்களைத் தேடிச் சேர்த்து அவர்கள் ஒரு மாலையைச் செய்தார்கள். 647 வைரங்கள். ஏறத்தாழ 2,800 கரற் எடை. விலை 16 இலட்சம் லிவர். மன்னர் இறந்துபோகவே மாலை அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. கற்களை வாங்குவதற்குப் பட்ட கடனும் வட்டியும் வளர்ந்தன. அப்படிப்பட்ட ஒரு பொருளை ஐரோப்பாவில் வாங்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. எனவே புதிய மகாராணியிடம் வந்தார்கள்.

அன்ரனெற் மறுத்தார். மன்னரே வாங்கித் தர முன்வந்தபோதும் மறுத்தார். தன்னிடம் போதிய வைரங்கள் இருப்பதாகவும், அந்தப் பணத்துக்கு ஒரு போர்க்கப்பல் வாங்குவது நாட்டுக்குக் கூடுதல் பயன் தரும் என்றும் அவர் கருதியதாக, அவருக்கு நெருக்கமாக இருந்து பணியாற்றிய கம்பான் அம்மையார் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். போமர் விடவில்லை. ஒருநாள் மகாராணியின் காலடியில் விழுந்து, இதை வாங்காவிட்டால் தான் உயிரை விடப்போவதாக அழுதார். மாலையைப் பிரித்துக் கற்களாக விற்றுக் கடனை அடைக்கும்படி மகாராணி அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பினார். அத்தோடு அந்த விடயம் முடிந்துவிட்டது என்றே அவர் நினைத்தார்.

ஆனால் அந்த மாலையின் மீது வேறொருவர் கண் வைத்திருந்தார். ஜான் த லா மொத் என்ற பெண், பழைய அரச வம்சமொன்றின் வழியில் வந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவள். கையில் காசில்லை, ஆசையோ பெரிது. அவளுக்குக் கிடைத்த ஏமாளி சாதாரண ஆள் அல்ல. பிரான்சின் உயர்ந்த குடும்பங்களில் ஒன்றில் பிறந்த கர்தினால் ரொஹான். அவர் முன்னர் வியன்னாவில் பிரான்சியத் தூதுவராக இருந்தபோது மரியா தெரேசாவின் வெறுப்பைச் சம்பாதித்தவர். அதனால் மகளும் அவரோடு பேசுவதில்லை. மகாராணியின் நல்லெண்ணத்தைப் பெற்றுவிட்டால் உயர்ந்த பதவி கிடைக்கும் என்று கர்தினால் ஏங்கிக் கிடந்தார்.

தான் மகாராணியின் உயிர்த்தோழி என்று ஜான் அவரை நம்பவைத்தாள். மகாராணியோ அவளைக் கண்டுகூட அறியாதவர். ஜானின் கூட்டாளி வில்லெற் என்பவன் மகாராணி எழுதியதுபோலக் கடிதங்களை எழுதிக்கொடுத்தான். 1784 ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் வேர்சேல்ஸ் பூங்காவின் மறைவான ஓரிடத்தில், சாயலில் மகாராணியை ஒத்த நிக்கோல் என்ற ஏழைப் பெண்ணுக்கு வெண்ணிற ஆடை உடுத்தி நிறுத்தி, இவர்தான் மகாராணி என்று காட்டினார்கள். இருட்டில் சில கணங்கள் கண்டதோடு கர்தினால் முழுமையாக நம்பிவிட்டார்.

அடுத்த படி இலகுவாக இருந்தது. மகாராணி அந்த மாலையை இரகசியமாக, தவணை முறையில் வாங்க விரும்புவதாகவும், கர்தினால் அதற்குப் பொறுப்பு நிற்க வேண்டும் என்றும் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தில் மகாராணியின் பெயரோடு பிரான்சு என்ற நாட்டின் பெயரும் சேர்த்துக் கையொப்பம் இடப்பட்டிருந்தது. பிரான்சிய அரசிகள் தமது முதற்பெயரை மட்டுமே கையொப்பமாக இடுவார்கள். அரசவையில் வளர்ந்த ஒருவர் அதைக் கண்டதுமே பொய் என்று பிடித்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. 1785 பெப்ரவரி முதலாம் திகதி மாலை கர்தினால் கைக்கு வந்தது. அவர் அதை ஜானிடம் கொடுத்தார். சில நாட்களுக்குள் மாலை உடைக்கப்பட்டது. ஜானின் கணவன் கற்களை லண்டனுக்குக் கொண்டுபோய் விற்றான். பிரான்சு முழுவதும் பேசப்பட்ட அந்த மாலை, முழு மாலையாக எந்தப் பெண்ணின் கழுத்தையும் அலங்கரிக்காமலேயே மறைந்துபோனது.

தவணை நாள் நெருங்கியும் காசு வரவில்லை. போமர் பதறிப்போய் மகாராணியின் ஆட்களிடம் வந்தபோதுதான் விடயம் வெளியே வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே போமர் மகாராணிக்கு ஒரு நன்றிக் கடிதம் கொடுத்திருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது விளங்காமல், கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணி மகாராணி அதை மெழுகுவர்த்தியில் எரித்துவிட்டார். கையில் இருந்திருந்தால் அவருக்கே துணையாக நின்றிருக்கக்கூடிய ஒரு தாள் அப்படிச் சாம்பலானது.

1785 ஓகஸ்ட் 15ஆம் திகதி, பெருநாள் வழிபாட்டுக்கான ஆடையோடு நின்ற கர்தினாலை வேர்சேல்ஸ் மாளிகையில், அரசவையினர் அனைவரும் பார்த்திருக்கக் கைது செய்தார்கள். தன் பெயரைத் திருடியவர்கள் பகிரங்கமாகத் தண்டிக்கப்பட வேண்டும் என்பதே மகாராணியின் விருப்பம். வழக்குப் பாரிஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1786 மே 31ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஜானுக்குக் கசையடியும் சூடு போடுதலும் ஆயுள் சிறையும். வில்லெற்றுக்கு நாடுகடத்தல். நிக்கோல் விடுதலையானாள். கர்தினாலும் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். பாரிஸ் மக்கள் தெருவில் ஆரவாரம் செய்து அவரைக் கொண்டாடினார்கள்.

அந்த விடுதலையின் அர்த்தத்தைச் சற்று யோசித்துப் பார்த்தேன். கர்தினால் ஏமாந்தார், அதனால் அவர் குற்றவாளி அல்ல என்கிறது தீர்ப்பு. அப்படியானால் நாட்டின் மகாராணி, கணவருக்குத் தெரியாமல் இரவில் பூங்காவுக்கு வந்து ஓர் ஆணைச் சந்திக்கக்கூடியவர், திருட்டுத்தனமாக நகை வாங்கக்கூடியவர் என்று ஒருவர் நம்பியது நியாயமானதே என்றாகிறது. வழக்கில் அவர் குற்றவாளியும் அல்ல, சாட்சியும் அல்ல. ஆனாலும் உண்மையில் தண்டனை பெற்றவர் அவர்தான். அடுத்த ஆண்டே சிறையிலிருந்து தப்பி லண்டனுக்கு ஓடிய ஜான், மகாராணியைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் நூலாக எழுதி வெளியிட்டாள். திருடியவளின் சொல்லை மக்கள் விரும்பி வாங்கி வாசித்தார்கள்.

ஏன் நம்பினார்கள்? எனக்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, 1776இல் காப்பு வாங்கிய கை 1785இலும் மாலை வாங்கியிருக்கும் என்று எண்ணுவது இலகு. மனிதர் திருந்துவதை ஊர் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது, பசித்தவர்களுக்குத் தம் பசிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. 1788ஆம் ஆண்டு அரச கணக்கின்படி செலவில் ஏறத்தாழ அரைவாசி பழைய கடன்களைச் செலுத்துவதற்கே போனது. அக்கடன்களில் பெரும்பகுதி போர்களால் வந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பிரான்சு செய்த உதவியும் அதில் அடங்கும். அரச குடும்பத்துக்கும் அரசவைக்குமான செலவு முழுவதையும் சேர்த்தாலும் நூற்றுக்கு ஆறு வீதமளவே. ஆனால் வட்டிக்கணக்குக்கு முகம் இல்லை. வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு முகம் இருந்தது. கேக் கதையும் இப்படித்தான். பெயர் குறிப்பிடாத ஓர் இளவரசியைப் பற்றி ரூசோ என்ற அறிஞர் எழுதிவைத்தது அது. அவர் அதை எழுதிய காலத்தில் அன்ரனெற் வியன்னாவில் ஒரு சிறுமி.

1789இல் புரட்சி வெடித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மூத்த மகன் நோயுற்று இறந்தான். ஜூலை 14இல் பஸ்ரில் சிறை வீழ்ந்தது. ஒக்டோபர் மாதத்தில் பாண் கேட்டு வேர்சேல்ஸ் வரை நடந்து வந்த பெண்களும் படையினரும் அரச குடும்பத்தைப் பாரிஸுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே துய்லெரி மாளிகையில் அவர்கள் காவலுக்குள் வாழ்ந்தனர்.

அந்த மாளிகையில், 1791 மார்ச் மாதத்து மாலைப்பொழுது ஒன்றைக் கம்பான் அம்மையார் விவரித்திருக்கிறார். மகாராணியும் அவரும் ஒரு சிறிய அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, வைரங்களையும் மாணிக்கங்களையும் முத்துக்களையும் பஞ்சில் சுற்றிச் சுற்றி ஒரு பெட்டிக்குள் அடுக்கினார்கள். சன்னலுக்கு வெளியே தோட்டத்தில் காவற்காரன் நின்றிருந்தான். வேலை முடிவதற்கிடையில் மகாராணி வழமைபோல மற்றவர்கள் முன் தோன்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. நகைகளை அப்படியே இருக்கையில் விட்டு, அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு எடுத்துச் சென்றார். அடுத்த நாள் மீதியை அடுக்கி முடித்தார்கள். பெட்டி பிரசெல்ஸ் நகருக்கு, அன்று தாய்க்குக் கோள் எழுதிய அதே மெர்சி பிரபுவிடம் அனுப்பப்பட்டது.

அவர் அனுப்பியவை தன் சொந்த நகைகள். முடிக்குரிய நகைகளைப் புதிய அரசின் ஆணையாளர்களிடம் ஒப்படைத்தார். ஆன் அரசியின் முத்துமாலையையும், அது தனக்குரியதல்ல, நாட்டுக்குரியது என்று கருதித் தானாகவே கொடுத்துவிட்டதாகக் கம்பான் எழுதுகிறார். நகை திருடி என்று ஊர் பேசிய பெண், தன்னிடம் இருந்த அமானிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதை எந்தத் துண்டுப்பிரசுரமும் எழுதவில்லை.

அதே ஆண்டு ஜூனில் குடும்பத்தோடு தப்பிச் செல்ல எடுத்த முயற்சி தோற்றது. 1792 ஓகஸ்ட்டில் துய்லெரி தாக்கப்பட்டது. குடும்பம் சிறைக்குப் போனது. 1793 ஜனவரி 21இல் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது. ஜூலை மாதத்தில் எட்டு வயது மகனைத் தாயின் கையிலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். ஓகஸ்ட்டில் அவரைத் தனியாக வேறு சிறைக்கு மாற்றினார்கள்.

ஒக்டோபர் 14இல் அவர் மீதான விசாரணை தொடங்கியது. பகைநாடான ஒஸ்திரியாவுக்கு உதவினார் என்பது முக்கிய குற்றச்சாட்டு. அவர் தன் பிறந்த வீட்டாருக்கு இரகசியமாகக் கடிதங்கள் எழுதியது உண்மை. ஆனால் அந்த நீதிமன்றத்தில் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. லா மொத் என்ற பெண்ணைத் தெரியுமா என்பதே அது. மாலை உடைந்து எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஜானும் இறந்து இரண்டு ஆண்டுகள். உயிருக்காக நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்தத் தாய், அவளைத் தான் ஒருபோதும் கண்டதில்லை என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. 16ஆம் திகதி அதிகாலையில் தீர்ப்பு. அன்று நண்பகலளவில் கில்லட்டினில் அவரது உயிர் பிரிந்தது. வயது 37. விடிவதற்கு முன் கணவரின் சகோதரிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், தங்கள் மரணத்துக்காகப் பழிவாங்க நினைக்கக்கூடாது என்று மகனுக்கு அறிவுரை கூறியிருந்தார். அந்தக் கடிதம் உரியவரைச் சென்று சேரவில்லை.

குடும்பத்தில் எஞ்சியது மூத்த மகள் மட்டுமே. தந்தை, தாய், மாமி, தம்பி என ஒவ்வொருவராக இழந்த மரீ தெரேஸ், 1795 டிசம்பரில், 17 வயது நிறைவுறும் நாட்களில், போர்க் கைதிகளுக்கு மாற்றாக விடுவிக்கப்பட்டு வியன்னாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தாயின் பெட்டி காத்திருந்தது. பிரசெல்ஸில் திறந்து பட்டியலிடப்பட்டு, பின்னர் ஒஸ்திரியப் பேரரசரிடம் வந்து சேர்ந்திருந்தது. தாயின் கை பஞ்சில் சுற்றிவைத்த முத்துக்களை மகள் கையில் எடுத்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் வீடுகளிலும் உம்மும்மாவின் காப்பு உம்மாவுக்கும், உம்மாவிடமிருந்து மகளுக்கும் வருகிறது. அதில் பெறுமதி பவுணில் மட்டும் இல்லை.

மரீ தெரேஸுக்குப் பிள்ளைகள் இல்லை. 1851இல் அவர் இறந்தபின் நகைகள் கணவர் வழி உறவுப் பிள்ளைகளிடம் போயின. அவர் வளர்த்த லூயிஸ், இத்தாலியின் பார்மா சிற்றரசின் சீமாட்டியாக இருந்தார். அவர் வழியாக நகைகள் அவரது மகன் றொபேட்டையும் பூர்பொன் பார்மா குடும்பத்தையும் அடைந்தன. அந்தக் குடும்பமும் 1859இல் ஆட்சியை இழந்தது. நாடு போனது, நகைகள் நிலைத்தன. 2018 நவம்பர் 14ஆம் திகதி ஜெனீவாவில் சோதபீஸ் நிறுவனம் அவற்றை ஏலத்தில் விட்டது. வைர முடிச்சின் கீழ் ஒரு பெரிய முத்துத் தொங்கும் பதக்கம், பத்து முதல் இருபது இலட்சம் டொலர் வரை போகும் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அது 3 கோடி 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. அவரது தலைமுடி சிறிது வைக்கப்பட்ட மோதிரம் ஒன்றும் மதிப்பீட்டைப் போலப் பல மடங்கு விலைக்குப் போனது. 2021இல், 1776ஆம் ஆண்டின் அந்தக் காப்புகளும் ஜெனீவாவில் கிறிஸ்ரீஸ் ஏலத்துக்கு வந்தன. 112 வைரங்கள் கொண்ட அவை ஏறத்தாழ 75 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு விற்கப்பட்டன. ஒரு பெண்ணின் பெயரை மிதித்த உலகம், அவரது கழுத்தையும் கையையும் தொட்டவற்றுக்குக் கோடிகளைக் கொடுக்கிறது.

இந்த வரலாற்றை வாசித்து முடித்தபோது ஸூரதுந் நூர் என் நினைவுக்கு வந்தது. பயணத்தில் தொலைந்த ஒரு மாலையைத் தேடப்போனதால் அன்னை ஆயிஷா (ரழியல்லாஹு அன்ஹா) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பியதை நாம் அறிவோம். அன்னையின் உயர்ந்த தகுதியோடு எவரையும் ஒப்பிடுவது என் நோக்கம் அல்ல. நான் சிந்திப்பது அப்போது இறங்கிய சட்டத்தைப் பற்றியே. ஒழுக்கமுள்ள ஒரு பெண்ணின் மீது பழி சொல்பவர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவர முடியாவிட்டால் தண்டனை சொன்னவருக்கு. அதன்பின் அவரது சாட்சியம் ஏற்கப்படாது. பாரிஸில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. சொன்னவர்களிடம் ஒரு சாட்சியும் கேட்கப்படவில்லை. சொல்லப்பட்டவரே சாகும்வரை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அது 18ஆம் நூற்றாண்டு, அச்சுத் தாள்களின் காலம் என்று ஒதுக்கிவிட முடியுமா? போலிக் கையொப்பம் இன்று போலி முகநூல் கணக்காகியிருக்கிறது. இருட்டில் நிறுத்திய பெண் இன்று மாற்றியமைத்த புகைப்படமாகியிருக்கிறாள். துண்டுப்பிரசுரம் ஒரு விரலால் பத்துக் குழுக்களுக்குப் போகிறது. அப்படி வந்த ஒரு பொய்ப் படத்தால் உயர்தரப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு சகோதரியை நான் அறிவேன். படம் பொய் என்று பின்னர் தெரிந்தது. பரப்பியவர்களில் ஒருவரும் அதைத் திரும்பப் பரப்பவில்லை. அவளும் திரும்பப் பாடசாலைக்கு வரவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளைப் பற்றி ஒரு செய்தி வந்தால் முதலில் அவளிடம் கேளுங்கள். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கும்படி ஸூரதுல் ஹுஜுராத் எமக்குக் கட்டளையிடுகிறது. சகோதரிகளே, எங்களுக்கும் இதில் பங்குண்டு. 1776இல் வாங்கிய காப்பு 1785இல் ஒரு பொய்க்கு முட்டுக்கொடுத்தது. ஆகவே வீண் பகட்டிலிருந்து நாம் ஒதுங்கி நடப்போம். அதேநேரம், பகட்டாக வாழ்ந்தாள் என்பதற்காக ஒருத்தி மீது சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

பஞ்சில் சுற்றிய முத்து 200 ஆண்டுகளுக்கு மேல் கீறலின்றி வந்து சேர்ந்தது. ஒரு பெண்ணின் மானத்தைச் சுற்றிவைக்க அப்படி ஒரு பஞ்சு இல்லை. மற்றவர்களின் நாவு அடங்கியிருப்பது ஒன்றே அதற்குப் பாதுகாப்பு. எல்லாம் வல்ல அல்லாஹ் எமது நாவுகளையும் விரல்களையும் பிறர் மானத்தைத் தீண்டுவதிலிருந்து காப்பானாக. ஆமீன்.